முகக்கவசமும் மூச்சுமுட்டும் அச்சமும்: தருமபுரி மாவட்ட நினைவுகள் சில

தருமபுரி மாவட்டத்தில் முகத்தைத் துணியால் மறைத்துக்கொள்வது கொரோனாக் காலத்தில் புதிதாக வந்த பழக்கம் அன்று. புளி அறுவடைக்குப் பின் வீட்டுத் திண்ணைகளில் புளி உடைக்கும் பெண்கள் தூசிக்கும் நெடிக்கும் அஞ்சி முந்தானையை மூக்கின்மேல் சுற்றிக்கொள்வதும், கேழ்வரகுக் களத்தில் தூற்றுபவர்கள் துண்டால் வாயை மறைத்துக் கட்டிக்கொள்வதும், வத்தல்மலை, சித்தேரிப் பாதைகளில் மார்கழிப் பனியில் வண்டி ஓட்டுபவர்கள் கண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மூடிக்கொள்வதும் இங்கே பன்னெடுங்காலமாக உள்ளவை. அப்படியிருந்தும், 2020ஆம் ஆண்டில் பொது இடங்களில் முகக்கவசம் கட்டாயமான பின்பு, அதே மக்களுள் ஒரு சிலருக்கு அந்தச் சிறு துணி சற்றும் தாங்க முடியாத ஒன்றாக ஆயிற்று. முந்தானைக்கு அஞ்சாத ஒருவர் முகக்கவசத்துக்கு ஏன் அஞ்ச வேண்டும் என்ற கேள்வியை, அவ்வாறு அஞ்சியவர்களுள் ஒருவரான இக்கட்டுரையாளர், தாம் அக்காலத்தில் கண்டவற்றையும் பட்டவற்றையும் கொண்டு இங்கே ஆராய முற்படுகிறார்.

தமிழ்நாட்டின் முதல் தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதிசெய்யப்பட்டது. மாநிலத்தின் பெரும்பாலான மாவட்டங்களில் தொற்று பதிவான பின்னும் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சில வாரங்கள் தப்பியிருந்தன. அந்தத் தெம்பு நெடுநாள் நீடிக்கவில்லை. அவ்வாண்டு நியாயவிலைக் கடைகள் வழியாக ஆளுக்கு இரண்டு துணி முகக்கவசங்கள் இலவசமாக வழங்கப்பட்டன. செப்டம்பரில், 1939ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டத்தில் திருத்தம் செய்யப்பட்டு, முகக்கவசம் அணியாதவர்களுக்கு 200 ரூபாய் அபராதம் என்றாயிற்று. 2022 ஜனவரியில் அது 500 ரூபாயாக உயர்ந்தது. முகக்கவசத்தின் பயனில் ஐயம் கொள்ள இடமில்லை. பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன்டே 1910, 1911ஆம் ஆண்டுகளில் மஞ்சூரியாவில் பரவிய நுரையீரல் பிளேக்கை எதிர்கொண்டபோது, பஞ்சும் வலைத்துணியும் சேர்த்துத் தைத்த முகக்கவசத்தை மருத்துவர்களுக்கும் ஊழியர்களுக்கும் வற்புறுத்தினார். அதை அணிய மறுத்த பிரெஞ்சு மருத்துவர் மெனி சில நாள்களிலேயே அந்நோய்க்கு இரையானார். ஆகவே இங்கே பேசப்படுவது முகக்கவசத்தை எதிர்த்தவர்களின் கதை அன்று. அது வேண்டும் என்று முழுமையாக நம்பியும், அணிய முடியாமல் தவித்தவர்களின் கதை.

மூடிய அறை, மின்தூக்கி, சுரங்கம், நெரிசலான பேருந்து என எளிதில் வெளியேற முடியாத இடங்களில் எழும் மிகையான அச்சத்தைக் குறிக்கும் கிளாஸ்ட்ரோஃபோபியா என்னும் சொல்லை, 1879இல் பாரிஸ் மருத்துவர் பெஞ்சமின் பால் மருத்துவ வழக்குக்குக் கொண்டுவந்தார். தமிழில் இதை மூடிய இட அச்சம் எனலாம். கனடாவில் பணியாற்றிய உளவியலாளர் ஸ்டான்லி ராக்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும், இது ஒற்றை அச்சம் அன்று, இரண்டு அச்சங்களின் கூட்டு என்று 1990களில் காட்டினர்: மூச்சுமுட்டிவிடும் என்பது ஒன்று, அசையவோ விலகவோ வழியின்றி அகப்பட்டுக்கொள்வோம் என்பது மற்றொன்று. முகக்கவசம் ஓர் இடமே அன்று என்றாலும், மூக்கையும் வாயையும் மூடுவதால் முதல் அச்சத்தையும், பிறர் பார்வையிலும் சட்டத்தின் பார்வையிலும் அதைக் கழற்றக் கூடாது என்பதால் இரண்டாம் அச்சத்தையும் அது ஒருசேரத் தூண்டிவிடுகிறது. முந்தானையையோ துண்டையோ எந்நேரமும் யாரையும் கேளாமல் இறக்கிவிடலாம் என்பதை இங்கே நினைவிற்கொள்வது தகும்.

மூச்சுமுட்டும் அச்சம் தன்னளவில் அறிவீனம் அன்று. இம்மாவட்டத்தின் மேட்டுநில ஊர்களில் முந்தைய தலைமுறையினர், பாழுங்கிணற்றில் இறங்குமுன் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் யாரும் இறங்க மாட்டார்கள். தானியம் சேமித்த நிலக்குழியைத் திறந்தவுடன் உள்ளே குதிக்காமல் வெகுநேரம் காற்றாட விடுவார்கள். அடைபட்ட தானியமும் மக்கிய இலைதழையும் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை விட்டுவைக்கும் என்பதை அவர்கள் அந்தப் பெயர்களால் அறியவில்லையே தவிர, அதன் விளைவைப் பிணங்களின் வழியே அறிந்திருந்தனர். அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்டு கிளைன் 1993இல் முன்வைத்த கருதுகோளின்படி, மூச்சுத்திணறலை எச்சரிக்கும் அமைப்பு ஒன்று மூளையிலேயே உள்ளது. சிலருக்கு அது, காற்று குறையாதபோதும், குறைந்துவிட்டதாக எண்ணி அலறிவிடுகிறது. இதைப் பொய்யான மூச்சுத்திணறல் எச்சரிக்கை என்றார் அவர். எல்லா ஆய்வாளர்களும் இக்கருதுகோளை ஏற்கவில்லை எனினும், குழிக்குள் அணையும் விளக்குக்கும் முகக்கவசத்துக்குள் படபடக்கும் நெஞ்சுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிடத் தெளிவான கருத்தை இக்கட்டுரையாளர் கண்டதில்லை.

அந்தப் பொய் எச்சரிக்கைக்கு முகத்தின் தோலும் துணைபோகிறது. முகத்தின் தொடுவுணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்லும் முக்கிளை நரம்பு, கன்னத்திலும் உதட்டைச் சுற்றிலும் படும் குளிர்ந்த காற்றை உணரும்போது மூச்சுத்திணறல் உணர்வு தணிகிறது. மூச்சிரைப்பு நோயாளிகளின் முகத்துக்கு நேரே விசிறி வைப்பதன் அடிப்படை இதுவே. முகக்கவசத்துக்குள் வெளிமூச்சின் வெப்பமும் ஈரமும் தங்குவதால், நுரையீரலுக்குப் போதிய காற்று போய்க்கொண்டிருந்தும், காற்றே இல்லை என்ற உணர்வு தோன்றுகிறது. உடனே மனிதர் வேகவேகமாக மூச்சிழுக்கிறார். இந்த மிகைமூச்சினால் இரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைய, தலை சுற்றுகிறது, விரல்நுனியும் உதடும் மரத்துப்போகின்றன, நெஞ்சு இறுகுகிறது. இவற்றையெல்லாம் சாவின் அறிகுறிகளாக அவர் பொருள்கொள்ள, அச்சம் மேலும் மூச்சை விரட்டுகிறது. சில நிமிடங்களில் உச்சத்தை எட்டும் இந்நிலையையே மருத்துவர்கள் பீதித் தாக்கம் என்கின்றனர்.

இக்கட்டுரையாளர் அப்போது பாலக்கோடு பகுதியில் உள்ள பள்ளி ஒன்றில் தமிழாசிரியை, வீடு தருமபுரியில். 2020 செப்டம்பர் முதல் நாள் மாவட்டத்துக்குள் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கியபின், மாணவர் சேர்க்கைக்காகவும் பாடநூல் வழங்கவும் ஆசிரியர்கள் பள்ளிக்குச் சென்று வந்தனர். அம்மாதத்தின் ஒரு மாலை, வீடு திரும்பும் பேருந்து ஊர் எல்லையைத் தாண்டியதுமே இடியுடன் மழை பிடித்துக்கொண்டது. பயணிகள் எல்லா ஜன்னல்களையும் அடைத்தனர். அவர் அணிந்திருந்தது, மகன் பெங்களூரிலிருந்து வாங்கியனுப்பிய, காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்களில் 95 விழுக்காட்டைத் தடுக்கும் என்95 வகை. ஈரத்துணி நாற்றமும் டீசல் நெடியும் தக்காளிக் கூடைகளின் புளிப்பும் கலந்த அந்த அடைப்பில், மூக்குக் கண்ணாடி முழுதும் ஆவி படிந்து எதிரிலிருந்த இருக்கை மறைந்த கணத்தில், அவருடைய கை அவரைக் கேளாமலே முகக்கவசத்தைப் பிடுங்கியது. காதுப் பட்டை ஒன்று அறுந்து போயிற்று. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தனர். நடத்துநர் கோபமாகக்கூடப் பேசவில்லை. "டீச்சர், மாஸ்க்கப் போடுங்க, செக்கிங் ஏறுனா எனக்குத்தான் மெமோ" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் கதவு ஒன்று சாத்தப்பட்டதாகவே உடல் எடுத்துக்கொண்டது. புலிக்கரையில் இறங்கி, மழை விடும்வரை நிழற்குடையில் உட்கார்ந்திருந்தபோது, விரல்கள் மடங்கி விறைத்திருந்ததை அவர் கவனித்தார்.

இத்தகைய நிலைக்குக் குடும்பங்களில் கிடைக்கும் மருந்துகள் ஏறத்தாழ ஒன்றே. மாமியார், "பயந்த கோளாறு, வெள்ளிக்கிழமை மந்திரிச்சு ஒரு கயிறு கட்டிக்கலாம்" என்றார். கணவர், "ஊர்ல எல்லாரும்தானே போடறாங்க?" என்றார். இரண்டில் மாமியாரின் கூற்றே ஓரளவு பயன்பட்டது என்று சொன்னால் படித்தவர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அவராவது நடந்தது அச்சம் என்பதை ஏற்றுக்கொண்டார். எல்லாரும் போடுகிறார்கள் என்ற வாதமோ அச்சத்தின்மேல் வெட்கத்தையும் ஏற்றிவைத்தது. இதயமோ என்று ஐயுற்று எடுத்த இசிஜியில் குறை எதுவும் இல்லை. வீடுதோறும் ஆக்ஸிமீட்டர் வாங்கிவைத்த காலம் அது. விரலில் மாட்டினால் இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனின் செறிவைக் காட்டும் அக்கருவியில் அளவு 94க்குக் கீழ் இறங்கினால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். முகக்கவசம் அணியாமல் 98 காட்டிய கருவி, அணிந்து கால்மணி நேரம் கழிந்த பின்னும் 98 காட்டியது. அந்த எண் முதல் சில நாள்கள் பெரிய ஆறுதலாக இருந்தது. பிறகு அந்த எண்ணைப் பார்க்காமல் வாசற்படி தாண்ட முடியாது என்ற நிலை வந்து, கைப்பையில் ஆக்ஸிமீட்டர் இல்லை என்றாலே நெஞ்சு படபடக்கத் தொடங்கியது.

மனநல மருத்துவர் ஒருவரைத் தொலைபேசியில் கலந்து பேசியபோது அவர் முதலில் கைவைத்தது அந்தக் கருவியில்தான். அச்சத்தை அப்போதைக்கு அடக்கி, நாளடைவில் அதற்கே தீனி போடும் இவ்வகைச் செயல்களைப் பாதுகாப்பு நடத்தைகள் என்று உளவியலார் வகைப்படுத்துகின்றனர். எண்ணைப் பார்த்ததால்தான் உயிரோடு இருக்கிறோம் என்று மனம் கற்றுக்கொள்ளுமே ஒழிய, முகக்கவசம் ஆபத்தற்றது என்று கற்றுக்கொள்ளாது. அவர் பரிந்துரைத்தது படிப்படியாக எதிர்கொள்ளும் பயிற்சி. 1950களில் ஜோசப் வோல்ப் வகுத்த முறையிலிருந்து கிளைத்த இப்பயிற்சியில், அஞ்சும் பொருளை மிக எளிய நிலையிலிருந்து தொடங்கி, அச்சம் தானாகத் தணியும்வரை அதனுடன் இருந்து, பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். தப்பி ஓடிய கணத்தில் கிடைக்கும் நிம்மதிதான் அச்சத்துக்குக் கிடைக்கும் கூலி. அந்தக் கூலியை நிறுத்துவதே இதன் உட்பொருள்.

முதற்படி, முகக்கவசத்தை அணிவதுகூட அன்று. மடியில் வைத்துக்கொண்டு தொடுவது. பிறகு பட்டைகளைக் காதில் மாட்டாமல், கையால் முகத்தருகே பிடித்துக்கொள்வது. அடுத்துக் காற்றோட்டமான திண்ணையில், கைக்கு வேலை இருக்கும்போது அணிவது. வீட்டில் அப்போது புளி உடைக்க வேண்டியிருந்தது. ஓட்டை நீக்கி, நாரை உருவி, சிறு கத்தியால் கீறிக் கொட்டையை நெம்பித் தள்ளும் வேலையில் கண்ணும் விரலும் ஒருமித்து ஈடுபட்டால்தான் விரல் தப்பும். அரைக்கூடை புளியை உடைத்து முடித்த பிறகே, முகத்தில் ஒன்று இருப்பது அவருக்கு நினைவு வந்தது. மூச்சைப் பொறுத்தவரை அவருக்குக் கற்றுத் தரப்பட்டது, ஆழமாக இழுப்பது அன்று. மெல்ல இழுத்து, அதைவிட நீளமாக, உதட்டைக் குவித்து விடுவது. பீதியில் இருப்பவரிடம் நன்றாக மூச்சை இழு என்று சொல்வது, நல்லெண்ணத்துடன் செய்யப்படும் தீங்கு; மிகைமூச்சை அது மேலும் மிகையாக்கும். திண்ணைக்குப் பின் மளிகைக் கடை, அதன்பின் வங்கி வரிசை, அதன்பின் ஒரே நிறுத்தம் வரை பேருந்து என்று அது நீண்டது. இடையில் ஒரு வாரம் முழுதும் எதுவும் நடவாமல் பின்னுக்குப் போனதும் உண்டு. மருத்துவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

முகக்கவசங்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு என்பதைப் பலர் அறியாமலே அவதிப்பட்டனர். உதட்டில் ஒட்டும் மெல்லிய ஒற்றைத் துணி, பார்வைக்கு இலேசானது போல் தோன்றினாலும், ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளிழுக்கப்பட்டு வாயை அடைப்பதால் அச்சத்தை மிகுவிக்கிறது. வாத்து அலகைப்போல் முன்னே நீண்டு உதட்டைத் தொடாமல் நிற்கும் வகையே இத்தகையோருக்கு ஏற்றது. வியர்வையில் நனைந்த முகக்கவசத்தின் வழியே மூச்சுவிடுவது மெய்யாகவே கடினமாகும் என்பதால், உலர்ந்த மாற்று ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்வது மனப்பிராந்தி அன்று, தேவை. புறப்படுமுன் குளிர்ந்த நீரால் முகம் கழுவுவது, பேருந்தில் படிக்கு அருகில் ஜன்னலோர இருக்கையைப் பிடிப்பது, வாயில் ஒரு புதினா மிட்டாயை அடக்கிக்கொள்வது ஆகியவை அவருக்கு உதவின. புதினாவில் உள்ள மென்தால் காற்றின் அளவை இம்மியும் கூட்டுவதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்புமுனைகளைத் தூண்டி, காற்று தாராளமாகப் போவதாக உணரச் செய்கிறது. இவையும் பாதுகாப்பு நடத்தைகள்தாமே என்று மருத்துவரிடம் கேட்டபோது, நடக்கப் பழகும்வரை கைத்தடி இருக்கட்டும் என்றார்.

2021 மே மாதத்தில் இரண்டாம் அலை மாவட்டத்தைத் தாக்கியபோது இந்த அச்சத்தின் மற்றொரு முகம் தெரியவந்தது. மாமனாருக்குத் தொற்று, ஆக்சிஜன் அளவு 86க்கு இறங்கியிருந்தது. வாழ்நாள் முழுதும் வானம் பார்த்த காட்டில் கேழ்வரகும் துவரையும் பயிரிட்டு, வீட்டுக்குள் படுப்பதையே விரும்பாமல் வாசற்கட்டிலில் உறங்கிய அம்முதியவருக்கு, மருத்துவமனையில் பைபாப் என்னும் கருவியைப் பொருத்தினர். தொண்டைக்குள் குழாய் செலுத்தாமல், முகத்தோடு இறுக்கிக் கட்டிய முகமூடி வழியே அழுத்தத்துடன் காற்றை அனுப்பும் கருவி அது. ஊரடங்குக் காலத்தில் முழுப் பாதுகாப்பு உடையுடன் ஓர் உறவினரைத் துணைக்கு விட்டிருந்தனர், இக்கட்டுரையாளரே சென்றார். முதியவர் முகமூடியை இரண்டு முறை பிய்த்து எறிந்தார். கையைக் கட்டிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அப்போது இரவுப் பணிக்கு வந்த இளம் செவிலியர் ஒருவர் பட்டைகள் அனைத்தையும் அவிழ்த்துவிட்டு, முகமூடியை முதியவரின் கையிலேயே கொடுத்தார். "கட்டாதம்மா, நானே புடிச்சிக்கிறேன்" என்று அவர் சைகையும் சொல்லுமாகச் சொல்ல, "சரிங்க தாத்தா, நீங்களே புடிங்க, வேணாம்னா எடுத்துருங்க" என்றார் செவிலியர். முதியவர் அதைத் தம் முகத்தில் வைத்துக்கொண்டார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். கை ஓய்ந்து, இனிக் கட்டிக்கொள்ளலாம் என்று அவரே தலையசைத்தபின்தான் பட்டைகள் ஒவ்வொன்றாக, இறுக்காமல், மாட்டப்பட்டன. மூச்சுக்கருவிப் பிரிவுகளில் பணியாற்றுபவர்கள் நன்கறிந்த முறைதான் இது. கூட்டம் அலைமோதிய அந்நாள்களில் அதற்கு நேரம் ஒதுக்க மனம் வந்ததே பெரிது. அவர் பிழைத்து வீடு திரும்பினார்.

அந்தச் செவிலியரின் செயல், மாதக்கணக்கில் செய்த பயிற்சி கற்பிக்காத ஒன்றைத் தெளிவாக்கியது. மூச்சுமுட்டும் அச்சத்தைப் பயிற்சி தணிக்கும். அகப்பட்டுக்கொள்ளும் அச்சத்தைத் தணிப்பதோ எதிரில் நிற்பவரின் கையில் பெரும்பாலும் இருக்கிறது. அந்த மழைநாள் பேருந்தில், சற்று நேரம் படியருகே நின்று காற்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று யாரேனும் சொல்லியிருந்தால் காதுப் பட்டை அறுந்திருக்காது என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

2021 செப்டம்பர் முதல் நாள் ஒன்பதாம் வகுப்பு முதல் பள்ளிகள் மீண்டும் திறந்தபோது, அவருடைய வகுப்பில் ஒரு மாணவி முகக்கவசத்தை ஓயாமல் தாடைக்கு இறக்கிவிடுவதும், கண்டித்தால் ஏற்றிக்கொண்டு அதன் விளிம்புக்குள் கட்டைவிரலை நுழைத்து வைத்துக்கொள்வதுமாக இருந்தாள். பிற ஆசிரியர்கள் அதை அடங்காமை என்றனர். அந்தக் கட்டைவிரலின் பொருள் இவருக்குத் தெரியும். அவளை ஜன்னலோரப் பலகைக்கு மாற்றி, தாங்க முடியாதபோது கேளாமலே எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்க் கழற்றிக்கொள்ளலாம், தணிந்ததும் வரலாம் என்று மட்டும் சொல்லிவைத்தார். முதல் வாரம் அவள் அடிக்கடி எழுந்து போனாள். அரையாண்டுக்குள் எழுந்து போவது அரிதாயிற்று. கட்டைவிரலும் வெளியே வந்தது. வகுப்பில் ஒழுங்கு கெட்டுவிடும் என்று அஞ்சியவர்கள் எதிர்பார்த்தபடி, மற்ற பிள்ளைகள் யாரும் மரத்தடிக்குக் கிளம்பிவிடவும் இல்லை.

பெருந்தொற்று தொடர்பான உலகளாவிய சுகாதார நெருக்கடி முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. முகக்கவசம் இப்போது சட்டத்தால் வற்புறுத்தப்படுவதில்லை என்றாலும், காசநோய்ச் சிகிச்சை, அறுவை அரங்கு, ஆக்சிஜன் முகமூடி, தலையை அசையாமல் கிடத்தும் எம்ஆர்ஐ குழாய் என்று அதே அச்சம் எழும் இடங்கள் மாவட்டத்தின் ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் உள்ளன. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவை இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலும் கிடைக்கிறது; நெஞ்சு படபடப்பென்று இசிஜிக்கு மேல் இசிஜி எடுத்துக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறையேனும் அந்த எண்ணை அழைத்துப் பார்க்கலாம். மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் பணிபுரிபவர்களிடம் இக்கட்டுரையாளர் வேண்டுவது ஒன்றே: ஒருவர் முகத்தில் எதையேனும் கட்டுமுன், அதை முதலில் அவர் கையில் கொடுங்கள், எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.